இல்லாத கிளட்ச்

லிஃப்ட் பழுது பார்ப்பவரைக் கட்டிக்கொண்டவள் போனில் நாக்கை அடக்கிப் பேச வேண்டும். கல்யாணமான புதிதில் யாரோ கூப்பிட்டு, "அவர் இருக்காரா?" என்று கேட்க, "இல்லீங்க, மேலே போயிட்டார்" என்று அவர் மனைவி எதார்த்தமாகச் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் பேசியது அவருடைய ஒன்றுவிட்ட அக்கா. விம்மல் சத்தம் கேட்ட பிறகுதான் இவளுக்கு உறைத்தது. அதற்குள் அந்தப் பக்கத்துப் போன் வைக்கப்பட்டுவிட்டது. சாயங்காலம் வேலை முடிந்து கிரீஸ் படிந்த கையோடு வீடு திரும்பிய மனிதர், வாசல் முழுக்கச் சொந்தக்காரர்கள் நிற்பதையும், தன்னைக் கண்டதும் அவர்கள் அலறுவதையும் பார்த்துத் திகைத்து நின்றார்.

அன்றிலிருந்து அவருக்கு மாடியார் என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம்.

ஊரையெல்லாம் மேலே ஏற்றி இறக்கிய அவர் குடியிருந்தது தரைத்தளத்தில். இரண்டு அறை, ஒரு சமையலறை, மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றி நிறுத்த வாசலில் ஒரு சிமெண்ட் சரிவு. மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. அவள் பொடி ஒட்டிய விரல்களோடும் இவர் எண்ணெய் ஒட்டிய விரல்களோடும் வந்து, குழாயடியில் யார் முதலில் கை கழுவுவது என்று தினமும் சின்னதாக ஒரு சண்டை நடக்கும்.

வேலையில் மாடியார் பயங்கர ஜாக்கிரதைக்காரர். பிரேக்கைச் சோதிக்காமல் எதையும் தொடமாட்டார். கூட வேலை செய்தது மனைவியின் தம்பி. அவன் வாய் மூடிப் பார்த்தவர் கிடையாது என்பதால் ரேடியோ என்று பெயர். அவன் கீழே குழியில் நின்று பேசிக்கொண்டே இருப்பான், இவர் லிஃப்ட் பெட்டியின் மேல் நின்று கேட்காமலேயே "ம்" கொட்டிக்கொண்டிருப்பார். அப்படியே வருஷங்கள் ஓடின.

அந்த ரேடியோவே ஒருநாள் நின்றுபோனது.

ஒரு காப்பீட்டு அலுவலகக் கட்டடம். மாடியார் பெட்டியின் மேல் நின்று, அதைத் தூக்கும் இரும்புக் கயிற்றின் முடிச்சுத் திருகைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். வலது கையில் விளக்கு, இடது கையில் ஸ்பேனர். அடுத்த கணம் இடது கையில் ஸ்பேனர் இல்லை. அது நழுவியது அவருக்குத் தெரியவே இல்லை. சுவரில் மோதி, பெட்டி ஓடும் தண்டவாளத்தில் மோதி, ணங் ணங்கென்று இறங்கிப்போகும் சத்தம் கேட்டுத்தான் கையைப் பார்த்தார். விரல்கள் ஸ்பேனரைப் பிடித்திருந்த மாதிரியே மடங்கி இருந்தன. உள்ளே ஒன்றும் இல்லை.

கீழே ரேடியோ ஏதோ கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கதை பாதியில் அறுந்தது.

"மாப்ள!" என்று கத்தினார் மாடியார். பதில் இல்லை. "டேய் மாப்ள!"

நெடுநேரம் கழித்து, "இருக்கேன் மாமா" என்று ஈனஸ்வரத்தில் வந்தது. ஸ்பேனர் அவன் தோளுக்கு ஒரு சாண் தள்ளி, குழியில் இருந்த ஸ்பிரிங்கின் மேல் விழுந்து துள்ளிப் போயிருந்தது. மேலே ஏறி வந்தபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை. மாடியாரின் முகத்தில் அதைவிடக் குறைவு.

"கிளட்ச்தான்டா காரணம்" என்றார் அவர், கையை உதறிக்கொண்டே.

கிளட்ச் என்றால் அவருடைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச். பழைய வண்டி. நகரத்தில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போவதற்குள் சிக்னலுக்குச் சிக்னல், பள்ளத்துக்குப் பள்ளம் அதை அழுத்தி அழுத்தி இடது கை மரத்துப்போகிறது என்பது அவர் முடிவு. கேபிள் மாற்றிப் பார்த்தார். எண்ணெய் விட்டுப் பார்த்தார். காலையில் எழுந்தால் விரல்களில் எறும்பு ஊர்வது நிற்கவில்லை. சட்டைப் பொத்தான் போடச் சிரமமாக இருந்ததால் பனியன் மாதிரிச் சட்டைக்கு மாறினார். அதை மனைவி கவனித்து, "டாக்டர்கிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வரலாமே" என்று பலமுறை சொன்னாள்.

"டாக்டர் என்ன, கிளட்ச் கேபிளா மாத்தப் போறார்?" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

ஸ்பேனர் விழுந்த பிறகு அவளும் சும்மா இருக்கவில்லை. தம்பியல்லவா கீழே நின்றவன்! "ஒண்ணு கையைக் காட்டுங்க, இல்லை வண்டியை மாத்துங்க. ரெண்டுல எதுவும் செய்யலைன்னா நான் என் தம்பியை உங்ககூட அனுப்ப மாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மாடியார் இரண்டில் சுலபமானதைத் தேர்ந்தெடுத்தார். ஆஸ்பத்திரி வாடையைவிடப் புது டயர் வாடை யாருக்குத்தான் பிடிக்காது?

வண்டி எது என்பதை ரேடியோ முடிவு செய்தான். அவனிடம் ஏற்கெனவே கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. தினமும் வேலைக்குப் போய்வருவதற்கென்று செய்த சாதாரண வண்டிதான். கியரை அதுவே மாற்றிக்கொள்ளும்.

"ஆனா மாமா, என்னுது மொதல்ல வந்தது. அதுக்கு நிதானம் கிடையாது. மெதுவாப் போறப்ப முதல் கியருக்குப் போறதா, ரெண்டாவதுக்குப் போறதான்னு யோசிச்சு யோசிச்சு உலுக்கி எடுக்கும். அதையெல்லாம் சரிபண்ணி இப்போ புதுசு விட்டிருக்கான். உங்களுக்கு அதுதான் லாயக்கு."

மாடியார் மேலோட்டமாகத் தலையாட்டினாரே தவிர உள்ளுக்குள் நம்பவில்லை. தானாக ஓடும் எதன் மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது. அவருடைய பிழைப்பே தானாக ஓடுவது நின்றுபோவதில்தான் இருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் கணவனும் மனைவியுமாக ஷோரூமுக்குப் போனார்கள். கண்ணாடிச் சுவர், வழுக்கும் தரை, பலூன். விற்பனைப் பெண் துறுதுறுவென்று வந்து வண்டியைச் சுற்றிக் காட்டினாள். மாடியார் முன்சக்கரத்திலிருந்து பின்விளக்குவரை விரலால் தடவிக்கொண்டே போனார். இருக்கை உயரம் சரி. எடை பரவாயில்லை. இடது கைப்பிடியில் வந்ததும் நின்றார். அங்கே லீவரே இல்லை. வெறும் ரப்பர் பிடி. அதன் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள், விருப்பமிருந்தால் கியரைக் கூட்டவும் குறைக்கவும். கீழே இடது காலுக்கு மிதிக்க ஒன்றும் இல்லை.

"இந்தப் பக்கத்துக் கை சும்மாவே இருக்குமா?" என்று கேட்டார்.

"ஜாலியா ரெஸ்ட் எடுக்கலாம் சார்" என்றாள் அவள்.

"சரி. கியர்ல ஓடிட்டு இருக்கறப்ப பேட்டரி செத்துப்போச்சுன்னா? சக்கரம் பூட்டிக்குமா, தள்ள முடியுமா?"

விற்பனைப் பெண்ணின் சிரிப்பு ஒரு கணம் வழிதவறியது. இந்தக் கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லையாம். உள்ளே போய் மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். அவன் இருக்கையைத் தூக்கி, அடியில் இருந்த ஒரு சின்ன நெம்புகோலைக் காட்டி, "இதை இழுத்துவிட்டா நியூட்ரலுக்கு வந்துடும் சார், தள்ளிட்டுப் போகலாம். பழசுல இது இல்லை, இதுல சேர்த்திருக்காங்க" என்றான்.

கரண்ட் போனால் லிஃப்ட்டைக் கையால் விடுவிக்கவும் இப்படி ஒரு நெம்பு உண்டு. மாடியாருக்கு முகம் மலர்ந்தது. மனைவியின் பக்கம் திரும்பி, "யோசிச்சுத்தான் செஞ்சிருக்கான்" என்றார். அவர் எந்த இயந்திரத்தையும் இந்த அளவுக்குப் புகழ்ந்து அவள் கேட்டதில்லை.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். கிளப்பியதும் பழக்கதோஷத்தில் இடது விரல்கள் காற்றை அழுத்தின. இடது கால் காற்றை மிதித்தது. "என்ன, தாளம் போடுறீங்க?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. முதல் திருப்பம்வரைக்கும்தான் அந்தத் தடுமாற்றம். அப்புறம் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. கியர் மாறுவது காதுக்கு மட்டும் தெரிந்தது, உடம்புக்குத் தெரியவில்லை. வேகத்தடையில் மெதுவாக ஏறி, உலுக்காமல் இறங்கியது. ரேடியோ சொன்னது பொய்யில்லை. இத்தனை வருஷம் எதற்காக இந்தக் கையை இப்படி வதைத்தோம் என்று தோன்றியது அவருக்கு. பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

பூங்காவை ஒட்டிய நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது மனைவி அவர் முதுகில் தட்டினாள்.

"போதும், போதும். ஒரு கையால ஓட்டி ஸ்டைல் காட்டுறீங்களாக்கும், இந்த வயசுல?"

"யாரு?"

"நீங்கதான்."

மாடியார் குனிந்து பார்த்தார்.

அவருடைய இடது கை கைப்பிடியில் இல்லை. மடியில் கிடந்தது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி தொடைமேல் கிடந்தது. இன்னும் பிடியைப் பற்றிக்கொண்டிருப்பதாகத்தான் அவருக்கு உணர்வு. ரப்பரின் சொரசொரப்புக்கூட விரல்களில் தெரிகிற மாதிரி இருந்தது. ஆனால் கை அங்கே இல்லை. எப்போது நழுவியது? திருப்பத்திலா? வேகத்தடையிலா? இவ்வளவு தூரமும் பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையாலா ஓட்டி வந்தோம்?

வலது கையால் பிரேக்கைப் பிடித்து, ஓரமாக ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தினார். இறங்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"கிளட்சே இல்லையே" என்றார்.

"என்ன?"

"இதுல கிளட்சே இல்லை. அப்புறம் ஏன் மரத்துப்போச்சு?"

அவள் முன்னால் வந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்து, சுண்டுவிரலை நறுக்கென்று கிள்ளினாள். அவர் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. "நிஜமாவே கிள்ளினியா?" என்று கேட்டார். அவள் கண் நிறைந்துவிட்டது.

பழைய வண்டியில் நொடிக்கொருதரம் கிளட்சைப் பிடித்தாக வேண்டும். அந்த வேலை இருந்ததால் கை தூங்காமல் இருந்தது, அந்த வேலையால்தான் மரத்துப்போகிறது என்று நோயின் பழி வண்டிமேல் விழுந்தது. வேலையை எடுத்துவிட்டதும் கை தன் குணத்தைக் காட்டிவிட்டது.

மனைவி ஷோரூமுக்குப் போன் போட்டாள். விற்பனைப் பெண் இன்னொருவனின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "நின்னுடுச்சா சார்? எங்க வண்டி நடுரோட்டுல நிக்கவே நிக்காதே சார்!" என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"வண்டி தங்கம்தாம்மா. நான்தான் நின்னுட்டேன்" என்றார் மாடியார். நடைபாதைத் திட்டில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்த அவரைப் பார்த்து, அந்தப் பெண் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

நரம்பு டாக்டர் அதிகம் பேசாத பெண்மணி. "கையை வேகமா மூடித் திறந்து காட்டுங்க" என்றார். வலது கை மூடித் திறந்தது. இடது கை, துருப்பிடித்த லிஃப்ட் கதவு மாதிரி யோசித்து யோசித்துத் திறந்தது. "பாதத்துக்கு முன்னாடி பாதம் வெச்சு இந்தக் கோட்டுல நடங்க." பன்னிரண்டு மாடி ஆழத்துக்கு மேலே இரும்புச் சட்டத்தில் நடந்து பழகிய மனிதர் மூன்றாவது அடியில் சாய்ந்து மேஜையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கே அது அதிர்ச்சி. காலிலும் கோளாறு இருக்கிறது என்று அந்த நிமிஷம்வரை அவருக்குத் தெரியாது.

"இது எவ்வளவு நாளா?"

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "கிளட்ச்சுனாலன்னு நினைச்சேங்க" என்றார்.

"கை பேசுதே தவிர, கோளாறு கையில இல்லை. கழுத்துல."

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார் டாக்டர். எலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் வெள்ளைப் பட்டையாக மேலிருந்து கீழே இறங்கியது. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் நசுங்கி, நூலாகி, மறுபடி விரிந்தது. மாடியாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. நசுங்கிய கயிற்றை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். அப்படி ஒன்றைக் கண்டால் லிஃப்ட்டை நிறுத்திவிட்டுப் புதுக் கயிறு மாட்டுவார். இந்தக் கயிற்றுக்கு மாற்று கிடையாது என்பது உறைத்ததும் படத்திலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டார்.

"இந்த நிலையிலயா வண்டி ஓட்டினீங்க?" என்றார் டாக்டர். "ஒரு தடவை கீழ விழுந்திருந்தாலோ, பின்னாடி யாராவது லேசா இடிச்சிருந்தாலோ, கழுத்துக்குக் கீழ எதுவுமே அசையாமப் போயிருக்கலாம். கிளட்ச்மேல பழி போட்டு இன்னும் ஆறேழு மாசம் தள்ளிப்போட்டிருந்தா, விழவே வேண்டாம், தும்மினாலே பயம்தான்."

வெளியே வராந்தாவில் ரேடியோ காத்திருந்தான். அக்கா விஷயத்தைச் சொன்னாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான், சுவரோரமாகப் போய்த் திரும்பி நின்றுகொண்டான். மாடியார் போய் அவன் தோளில் கையை வைத்தார். எந்தத் தோளுக்கு ஒரு சாண் தள்ளி ஸ்பேனர் விழுந்ததோ அந்தத் தோள். வலது கையைத்தான் வைத்தார். இடது கையை நம்பி இனி எதன் மீதும் வைக்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு முன் இருந்த நாட்களில் வீட்டில் எல்லாமே கண்ணாடிப் பாத்திரம் ஆகிவிட்டது. மனைவி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். குழாயடிச் சண்டை நின்றது. மிளகாய் நெடியில் தும்மல் வந்துவிடுமோ என்று சமையலறைக் கதவுக்குத் துணி அடைத்தாள். வாசலில் நின்ற பழைய மோட்டார் சைக்கிளை மாடியார் ஜன்னல் வழியே பார்ப்பார். அதன் மேல் பழி போட்ட நாட்களை நினைத்தால் அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

கழுத்தின் முன்பக்கமாகத் திறந்து, எலும்புகளுக்கு நடுவே நரம்பை அழுத்திய டிஸ்க் தட்டை எடுத்து, அந்த இடத்தில் ஒரு சின்னத் துண்டை வைத்து மூடினார்கள். நல்லபடியாக முடிந்தது. கண் விழித்ததும் மாடியார் இடது கையைத்தான் தேடினார். மனைவி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கை சூடாக இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அந்தக் கைக்குத் தெரிந்த முதல் சேதி அது. சொல்ல வாயெடுத்தால் குரல் வரவில்லை, காற்றுதான் வந்தது. கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

நடை தேறியது. விரல்களில் எறும்பு குறைந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பொத்தானைப் பிடிக்கக் கற்றுக்கொண்டன. சுண்டுவிரல் மட்டும் வீட்டுக்கு வந்த கோபக்கார மாப்பிள்ளை மாதிரி தனியே விறைத்துக்கொண்டு நின்றது. ஏறுவது, இறங்குவது, வண்டி ஓட்டுவது எதுவும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி நல்ல கம்பெனி. அலுவலகத்தில் உட்கார்ந்து பழுதுப் புகார்ப் போனை எடுக்கும் வேலை கொடுத்தார்கள். அடுத்த வாரம் வந்து சேரச் சொன்னார்கள்.

எப்படிப் போவது என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில், வாசல் சரிவில் மெல்லிய எஞ்சின் சத்தம் கேட்டது. ரேடியோ வந்திருக்கிறான் என்று கழுத்துப் பட்டையோடு மெதுவாகத் திரும்பி எட்டிப் பார்த்தார்.

புது வண்டி. அதே மாடல். அதன் மேல் அவர் மனைவி.

தலைக்கவசத்தைக் கழற்றி, கண்ணாடியில் முடியைச் சரிசெய்துகொண்டு, ஏதோ கடைக்குப் போய் வந்தவள் மாதிரி இறங்கினாள். பின்னால் தன் வண்டியில் வந்த ரேடியோ, நல்ல பிள்ளையாகத் தூரத்திலேயே நின்றுகொண்டான்.

அவள் சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டி அவர் பார்த்ததில்லை. "எப்போ... யாரு..." என்று கரகரத்தார்.

"நீங்க படுத்திருந்த மாசமெல்லாம் காய்கறி வாங்க ஏன் அவ்வளவு நேரம் ஆச்சுன்னு நினைச்சீங்க? தம்பிதான் சொல்லிக் குடுத்தான். லைசென்ஸும் வாங்கியாச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க பேட்டரி, நெம்பு, கயிறுன்னு ஆரம்பிப்பீங்க. அந்த வண்டியில உட்கார்ந்ததாலதான் உங்க கழுத்துக் கோளாறு எனக்குத் தெரிஞ்சுது. அதை வேற யாருக்கோ வித்துடுவாங்கன்னு நினைக்கவே மனசு வரலை. பழைய வண்டியை அதுக்கு மாத்தாக் குடுத்துட்டேன்."

"அதேவா? நாம ஓட்டிப் பார்த்த அதே வண்டியா?"

"அதேதான். ஓட்டிப் பார்க்க வெச்ச வண்டின்னு கொஞ்சம் குறைச்சுக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு உங்களை விசாரிச்சா."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபம் வந்த மாதிரி இருந்தது. சிரிப்பு வந்த மாதிரியும் இருந்தது. கடைசியில் இரண்டும் இல்லாமல் கண்ணில் நீர்தான் வந்தது.

பின்னால் உட்கார டாக்டர் அனுமதி கொடுத்தது வேலைக்குச் சேரும் நாளுக்குச் சரியாக வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மாடியார் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஏறினார். அவள் ஓட்டியது மோசமில்லை. ஆனால் அவருக்கு அடிக்கு ஓர் அதிர்ச்சி. பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே அவள் சர்வசாதாரணமாகப் புகுந்தாள். முன்னே போனவனை ஹாரன் அடித்து ஒதுக்கினாள். சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டிக்காரனிடம், "ஸ்டாண்டை எடுத்து விடுங்க, கீழ இடிக்குது" என்று புத்திமதி வேறு. தனக்கு லென்ஸ் தேய்க்கும் பெண்ணைத்தான் கட்டிவைத்தார்களா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மெதுவாம்மா, மெதுவா. கழுத்து, கழுத்து."

"உங்களைவிட எனக்குத்தான் அதுமேல அக்கறை. பேசாம உட்காருங்க."

அலுவலக வாசலில் இறக்கிவிட்டாள். சாயங்காலம் வாசலிலேயே நிற்கச் சொன்னாள், சாலையைக் கடக்கக் கூடாது என்றாள், கடைக்கு நேரமாகிவிட்டது என்று திரும்பிப் பார்க்காமல் நெரிசலுக்குள் கலந்துவிட்டாள். அவர் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். காவலாளி, "உள்ளே போங்க சார்" என்று சொன்ன பிறகுதான் நகர்ந்தார்.

மேஜை, நாற்காலி, போன். உட்காருவதற்குள் அது அடித்தது. ஒரு பெண், இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு தேம்பினாள்.

"பயப்படாதீங்கம்மா" என்றார் மாடியார், அந்தக் கரகரத்த குரலில். "பிரேக் பிடிச்சுத்தான் நிக்குது, விழாது. கதவை நெம்பாதீங்க. எங்க ஆள் இதோ கிளம்பறான். வந்ததிலேர்ந்து உங்களை வெளியே எடுக்கறவரைக்கும் நிறுத்தாமப் பேசுவான், அது ஒண்ணைத்தான் நீங்க தாங்கிக்கணும்."

அந்தப் பக்கத்தில் அழுகை நின்று, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "உங்க குரல் ஏன் சார் டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு? நீங்களும் எங்கேயாவது மாட்டிக்கிட்டீங்களா?" என்றாள் அவள்.

எதிர்மேஜைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தன் தலையைத் தொட்டுக் காட்டினார். மாடியார் இடது கையைத் தூக்கித் தடவிப் பார்த்தார். தலைக்கவசத்தை இன்னும் கழற்றியிருக்கவில்லை.